நெய்தலின் மா: உரையாசிரியர் கருத்தும் கடற்பசுவின் வாழ்வும்

முன்னுரை

நெய்தல் திணைக்குரிய கருப்பொருள்களைத் தொகுத்துரைக்கும் இக்காலப் பாடநூல்கள் பலவும் 'விலங்கு: முதலை, சுறா' என்று எழுதிச் செல்கின்றன. மாணவர் அதனை நெட்டுருச் செய்கின்றனர், தேர்வில் எழுதுகின்றனர், பின்னர்த் தாமே ஆசிரியராகித் தம் மாணவர்க்கும் அவ்வாறே கற்பிக்கின்றனர். குறிஞ்சிக்கு யானையும் புலியும், முல்லைக்கு மானும் முயலும், மருதத்திற்கு எருமையும் நீர்நாயும் என்று வரும் வரிசையில், நெய்தலுக்கு மட்டும் விலங்கு என்னும் பெயரால் ஒரு மீனும் ஓர் ஊர்வனவும் நிற்பது அவர்க்கு வியப்பளிப்பதில்லை. திருவேற்காடு, ஆவடி, பூந்தமல்லி முதலிய உள்நாட்டூர்களிலிருந்து தமிழ் பயில வரும் மாணவர்க்குக் கடல் என்பது விடுமுறை நாளிற் சென்று காணும் மணற்கரை. அதனுள் வாழ்வன யாவும் அவர்க்கு 'மீன்' என்னும் ஒரு சொல்லுள் அடங்கிவிடும். ஆகவே பட்டியலை ஐயுற அவர்க்கு வாய்ப்பில்லை.

ஆயினும் இவ்வையம் புதியதன்று. உச்சிமேற் புலவர் கொள் நச்சினார்க்கினியர் இதனை முன்னரே எழுப்பினார். அவர் எழுப்பிய ஐயத்திற்கு அவர் கூறிய விடை முழுமை பெற்றதா, நெய்தலுக்கு உரிய மா உண்மையில் யாது, அதனை அறியாமையால் நேரும் இழப்பு யாது என்னும் மூன்றனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கண உரையில் தொடங்கும் இவ்வாராய்ச்சி பாக் விரிகுடாவின் கடற்புல் வெளிவரை செல்ல நேர்வது பொருளின் இயல்பால் ஆவது.

நச்சினார்க்கினியர் மறுப்பு

அகத்திணையியலில் தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் என்பவற்றைக் கருப்பொருளாகத் தொல்காப்பியர் கூறுகின்றார். ஒவ்வொரு நிலத்திற்கும் அவை இன்னின்ன என்று விரித்துரைக்கும் பொறுப்பை உரையாசிரியர்களே ஏற்றனர். நெய்தற்கு மா எது என்று கூறவந்த நச்சினார்க்கினியர், உமணரின் வண்டி இழுக்கும் பகடு போல்வன என்று எழுதி, முதலையும் சுறாவும் மீனாதலின் அவற்றை மா என்று வழங்குதல் மரபாகாது என்று விலக்குகின்றார். அவ்விரண்டையும் மாவாகக் கொள்வாரும் அவர்க்கு முன் இருந்தனர் என்பது இம்மறுப்பினாலேயே விளங்கும். இல்லாத கொள்கையை எவரும் மறுப்பதில்லை.

இம்மறுப்பில் இரண்டு கூறுகள் உள்ளன. மாவும் மீனும் வேறு வேறு இனம். நீரில் வாழ்தல் என்னும் ஒன்றால் மீனை மாவின் இடத்தில் வைத்தல் ஆகாது என்பது ஒன்று. முதலையும் மீனே என்பது மற்றொன்று. முன்னது முற்றும் பொருந்துவது. பின்னது இன்றைய உயிரியலுக்கு ஒவ்வாதது. முதலை நுரையீரலால் மூச்சுவிடுவது, கரையில் முட்டையிடுவது, ஊர்வன இனத்தைச் சார்ந்தது. ஆனால் இதுபற்றி உரையாசிரியரைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. மா என்னும் சொல்லை அவர் காத்து நிற்பதே ஈண்டுச் சிறப்பாக நோக்கத்தக்கது. வழக்கில் இருந்த ஒரு பட்டியலை, அது வழக்கில் உள்ளது என்னும் காரணத்திற்காகவே ஏற்றுக்கொள்ள அவர் உடன்படவில்லை.

எனினும் அவர் அவ்விடத்தில் வைத்த உமண்பகடு நெய்தலின் சொந்த மா ஆகுமா? உப்பு நெய்தல் நிலத்தின் விளைபொருள். அதனைக் கொண்டு செல்லும் பகடு அந்நில வாழ்வோடு தொடர்புடையது. அவ்வளவிற் பொருத்தம் உண்டு. ஆயினும் அது உள்நாட்டிற் பிறந்து, உள்நாட்டுப் புல்லை மேய்ந்து, உப்பங்கழிக்கு வந்து, சுமையேற்றிக்கொண்டு மீண்டும் உள்நாட்டிற்கே செல்வது. யானை குறிஞ்சிக்கு உரியது என்பது போலப் பகடு நெய்தலுக்கு உரியது என்று கூற மனம் ஒருப்படவில்லை. மீனை விலக்கிய உரையாசிரியர், கடலினுள் மா ஒன்று உண்டா என்று தேடாமல், கரைக்கு வந்துபோகும் எருதைக் கொண்டு அவ்விடத்தை நிரப்பினார். அவர் விலக்கியது சரி, நிரப்பியது நிறைவுறவில்லை.

தொல்காப்பியர் பகுப்பு

கடலில் மா உண்டா என்னும் வினாவிற்கு இடந்தரும் நெறி தொல்காப்பியத்திலேயே உளது. மரபியலில் உயிர்களை அறிவு வகையால் ஆறாகப் பகுக்குங்கால், நந்தினை ஈரறிவின்பாலும் ஞெண்டினை நாலறிவின்பாலும் தொல்காப்பியர் வைக்கின்றார். இரண்டும் நீரோடு தொடர்புடையன; ஆயினும் ஒரே வரிசையில் நிற்கவில்லை. வாழும் இடங்கொண்டு உயிரைப் பகுத்தல் அவர் நெறியன்று. உயிரின் அறிவும் அமைப்பும் கொண்டு பகுத்தலே அவர் நெறி. இந்நெறியைப் பின்பற்றினால், நீருள் வாழ்கின்றது என்பது பற்றி மட்டும் ஓர் உயிரை மீன் என்று கூறல் இயலாது. நச்சினார்க்கினியர் மீனை மாவினின்று பிரித்ததும் இந்நெறியின் ஒரு பாதியே. மறுபாதி, நீருள் வாழும் மாவை மீனினின்று பிரித்தல்.

இன்னுமொன்று. மரபியலில் ஆண்பாற் பெயர் கூறுமிடத்து, கடலில் வாழும் சுறாவின் ஆணையும் ஏறு என்று வழங்கலாம் என்றும், பெண்பாற் பெயர் கூறுமிடத்து, நீர்வாழ் இனத்துள் நந்தினை நாகு என்று வழங்கலாம் என்றும் ஆசிரியர் விதிக்கின்றார். ஏறும் நாகும் ஆநிரைக்கு உரிய பெயர்கள். நிலத்து ஆனிரைப் பெயரைக் கடலுயிர்க்கும் நீட்டும் வழக்கு இவ்வளவு தொன்மையானது. ஆகவே இன்று 'கடற்பசு' என்று நாம் கூறும் பெயரை, வேற்றுமொழிச் சொல்லின் மொழிபெயர்ப்பு என்று ஒதுக்க வேண்டுவதில்லை. தமிழ் மரபு அத்தகைய ஆக்கத்திற்கு முன்பே வழிவகுத்துள்ளது.

இளமைப் பெயர்களைக் கூறும் பகுதியும் ஈண்டுப் பயன்படும். யானையின் இளமைக்கும் ஆவின் இளமைக்கும் கன்று என்னும் ஒரே பெயரை ஆசிரியர் உரிமையாக்குகின்றார். கடற்பசு உருவாலும் உணவாலும் ஆவினைப் போல்வது. பிறப்பு வழியால் யானைக்கு நெருங்கிய உறவினது என்பது இன்றைய உயிரியல் முடிவு. எவ்வழி நோக்கினும் அதன் இளமைப் பெயர் கன்று என்றே அமையும். மீனின் இளமையைச் சுட்டும் குஞ்சு என்னும் சொல் அதற்கு ஒருசிறிதும் பொருந்தாது.

சங்கப் பாடல்களில் சுறா

உரையாசிரியர் காலத்திற்கு முன்னரே சுறா நெய்தற் பாடல்களில் தலைமையிடம் பெற்றுவிட்டது. அஃது எவ்வாறு பெற்றது என்பதை மூன்று பாடல்கள் கொண்டு அறியலாம்.

கல்லாடனார் பாடிய குறுந்தொகை 269ஆம் பாட்டில், சுறா தாக்கிய புண் ஆறித் தந்தை மீண்டும் கடலுக்குச் சென்றுவிட்டான். தாய் உப்பை மாற்றி நெல் பெற உப்பளத்திற்குச் சென்றாள். தலைவன் வருதற்கு இதுவே காலம் என்று யாரேனும் அவனிடம் கூறினால் நன்று என்கின்றாள் தலைவி. இங்குச் சுறா பரதவனின் பகை. தந்தையின் புண் ஆறும்வரை தலைவிக்குத் தனிமை வாய்க்கவில்லை. ஆகவே காதலுக்கும் மறைமுகப் பகை. நற்றிணை 45ஆம் பாட்டில், அறுத்து உலர்த்திய சுறாவைப் பறவை கவராமற் காக்கும் மகளிர் வருகின்றனர். தம் மேனி புலால் நாறும் என்று கூறித் தோழி செல்வமகனாகிய தலைவனைச் சேட்படுக்கின்றாள். இங்குச் சுறா விற்பனைப் பொருள். நற்றிணை 303ஆம் பாட்டில், பரதவர் இட்ட வலையை அறுத்துக்கொண்டு சுறா திரிகின்றது. அத்தகைய கடலுக்கு உரியவன் தலைவன். எதற்கும் கட்டுப்படாத அவன் தன்மையை இவ்வருணனை உள்ளுறையாகச் சுட்டுகின்றது என்று கொள்ளுதல் பொருந்தும். இங்குச் சுறா வலைக்கு அடங்காத வலிமை.

பகை, பொருள், வலிமை என்னும் இம்மூன்று நிலைகளிலும் பொதுவாக அமைந்தது ஒன்று உண்டு. புலவர் கடலுயிரை வலையின் பக்கம் நின்றே காண்கின்றனர். வலையிற் பட்டது செல்வம். வலையைக் கிழித்தது பகை. இவ்விரண்டும் அல்லாத ஓர் உயிருக்கு இப்பார்வையில் இடமில்லை. இதனைக் குற்றமாகக் கூறுதல் ஆகாது. பரதவர் வாழ்வைப் பாடுவோர் பரதவர் கண்ணாற் காண்பதே உண்மை நெறி. ஆயினும் மலையையும் காட்டையும் பாடிய புலவர், வேட்டைக்கு அப்பாலும் விலங்கைக் கண்டனர். பிடியைத் தழுவும் களிற்றையும் கன்றை ஊட்டும் மடப்பிடியையும் மானின் துணையன்பையும் பாடினர். கடலினுள் அத்தகைய தாயும் கன்றும் அவர் பாட்டில் இடம்பெறவில்லை. காட்டின் உள்ளே மனிதன் நடந்து சென்று காண்பான். கடலின் உள்ளே அன்று காண வழியில்லை. மேலே வந்த முதுகும் வலையில் வந்த உடலுமே அவன் கண்டவை.

பட்டினப்பாலையையும் ஈண்டுக் கருதுதல் வேண்டும். முழுமதி நாளிற் கடல்மேற் செல்லாத பரதவர், கருவுற்ற சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வழிபட்டதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடுகின்றார். இதனைச் சிலர் கடலுயிர்ப் பாதுகாப்பு என்று எடுத்துக்காட்ட முற்படுவர். அது மிகைக் கூற்று. அன்று அவர் கடலுக்குச் செல்லாமை விழாவின் பொருட்டு. நடப்பட்ட கொம்பு பிடிபட்டு இறந்த உயிரின் கொம்பு. பழந்தமிழர் இன்றைய அறிவியலை முன்பே அறிந்திருந்தனர் என்று நிறுவ முயல்வதால் இலக்கியத்திற்கும் நன்மையில்லை; அறிவியலுக்கும் நன்மையில்லை. கடலுயிர் ஒன்று உணவாகவும் பகையாகவும் மட்டும் இராமல் வழிபடும் பொருளாகவும் ஆகக்கூடும் என்னும் அளவிற்கே அப்பகுதி சான்றாகும். அந்த அளவே நம் ஆராய்ச்சிக்குப் போதும்.

பெயரும் முறையும்

திமிங்கிலம் என்னும் சொல் வடமொழி வழி வந்தது. திமி என்னும் பெருமீனை விழுங்குவது என்னும் பொருளது. பருமையும் விழுங்கலுமே அப்பெயரில் உள்ளன. அவ்வுயிர் மூச்சுவிட நீர்மேல் வருவதும் கன்றுக்குப் பாலூட்டுவதும் அதில் இல்லை.

இம்மயக்கம் தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஓங்கில் மூச்சுவிட்டுப் பாலூட்டும் உயிர் என்பதைக் கிரேக்க அறிஞர் அரிசுடாட்டில் எழுதி வைத்திருந்தும், ஐரோப்பியர் நெடுங்காலம் அதனை மீனோடே எண்ணினர். சுவீடன் நாட்டு லின்னேயசு 1758ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூற்பதிப்பில் திமிங்கிலங்களைப் பாலூட்டிகளோடு சேர்த்தார். அதன் பின்னரும் 1818ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரில் ஒரு வழக்கு நடந்தது. மீனெண்ணெய்க்கு அரசு ஆய்வுக் கட்டணம் உண்டு. திமிங்கில எண்ணெய் மீனெண்ணெய் ஆகுமா என்பதே வழக்கு. இயற்கை நூலார் சான்று கூறியும், திமிங்கிலம் மீனே என்று நடுவர் குழு முடிவு செய்தது. ஓர் உயிர் எவ்வினத்தது என்னும் வினா ஏட்டளவில் நிற்பதில்லை. வரியும் வாணிகமும் அதனைப் பற்றி நிற்கும் என்பதை இவ்வழக்கு காட்டுகின்றது. நச்சினார்க்கினியர் செய்த பிழையை அவர்க்குச் சில நூற்றாண்டு பிற்பட்டவரும், சான்று கையிலிருந்தும் செய்தனர் என்றால், அவர்மீது நாம் குறைகாணும் தகுதி யாது?

நம் நாட்டுக் கடற்கரையிலும் அண்மையில் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2016ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மணப்பாடு முதலிய திருச்செந்தூர்ப் பகுதிக் கரைகளில் ஒருவகைச் சிறு திமிங்கிலங்கள் 80க்கு மேற்பட்டவை ஒருசேர ஒதுங்கின. மீனவர் படகிற் கட்டி அவற்றை ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்று விட்டனர். விடப்பட்டவற்றுட் சில மீண்டும் கரைக்கே வந்தன. இவை கூட்டமாக வாழும் இயல்பின; கூட்டத்தை விட்டுப் பிரியா. அன்று கரையில் நின்றோர் கண்டது மாவின் இனப்பற்று. களிற்றின் துணையன்பைப் பாடிய மரபிற்கு அது புதிய செய்தியாகாது. கடலில் அதனைக் காண்பதே புதியது.

கடற்பசுவின் வாழ்வு

பாக் விரிகுடா, மன்னார் வளைகுடாப் பகுதி மீனவர் ஆவுளியா என்று வழங்கும் கடற்பசு, கடலில் மட்டுமே வாழ்ந்து புல்லையே உணவாகக் கொள்ளும் பாலூட்டிகளுள் இன்று எஞ்சிய ஒரே இனம். ஏறத்தாழ 3 மீட்டர் நீளமும் 400 கிலோகிராம் எடையும் உடையது. நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோகிராம் வரை கடற்புல்லை மேயும். 70 ஆண்டு வரை வாழக்கூடும். சூல்காலம் ஏறத்தாழ 13 திங்கள்; ஒரு முறை ஒரே கன்று; அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை இடைவெளி. ஒரு சூலில் பல்லாயிரம் முட்டையிடும் மீனினத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்குக. ஓராண்டு மிகுதியாகப் பிடித்தாலும் மறு ஆண்டுகளில் மீன் பெருகிவிடக்கூடும். கடற்பசுவின் கணக்கில் ஒரு பெண் உயிரின் இழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் வேண்டும். மாவையும் மீனையும் வேறு பிரித்தலின் பயன் இங்கே வெளிப்படுகின்றது. மீனுக்குரிய கணக்கை மாவின்மேல் வைத்தால் அந்த மா அழியும்.

அழிந்ததற்குச் சான்றும் உண்டு. வடபசிபிக் கடலில் வாழ்ந்த பெருங்கடற்பசு ஒன்றனை 1741ஆம் ஆண்டில் கப்பல் உடைந்து கரைசேர்ந்த செலவினருள் ஒருவராகிய சுட்டெல்லர் என்னும் இயற்கை நூலார் கண்டு எழுதினார். அச்செய்தி பரவியபின் அவ்வழிச் சென்ற வேட்டையர் அதனை உணவாக்கினர். 1768ஆம் ஆண்டளவில் அவ்வினமே இல்லையாயிற்று. கண்டறிந்ததற்கும் முற்றும் அழிந்ததற்கும் இடைப்பட்ட காலம் 27 ஆண்டே.

நம் கடலில், முன்னாளில் இறைச்சிக்காக வேட்டையாடப்பட்ட இவ்வுயிர், 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுப் பாதுகாப்புப் பெற்றது. வேட்டை குறைந்தபின்னும் இறப்பு நிற்கவில்லை. கடற்பசு சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வருதல் வேண்டும். மீனுக்கென விரித்த செவுள்வலையிற் சிக்கினால் மேலே வர இயலாது; நீரில் வாழும் உயிர் நீரிலேயே மூச்சுமுட்டி இறக்கும். மீனாக இருந்தால் வலையில் நெடுநேரம் உயிரோடு இருக்கக்கூடும்; மாவாதலின் இறக்கின்றது. அதன் இனம் யாது என்னும் வினா, அதன் உயிர்மூச்சைப் பற்றிய வினாவாகவே ஆகிவிடுகின்றது.

இரண்டாவது கேடு மேய்ச்சல் நிலத்தின் அழிவு. கடற்புல் ஒளி புகும் ஆழங்குறைந்த கடலிலேயே வளர்வது. விசைப்படகுகளின் இழுவலை கடலடியை வாரிச் செல்லுங்கால் அப்புல்வெளியும் பெயர்க்கப்படுகின்றது. இந்தியக் கடல்களில் தமிழ்நாடு, குசராத்துக் கட்சு வளைகுடா, அந்தமான் நிக்கோபார் என்னும் மூன்று பகுதிகளிலேயே கடற்பசு எஞ்சியுள்ளது. மொத்தம் சில நூறே என்று மதிப்பிடப்படுகின்றது. அவற்றுள் பெரும்பகுதி பாக் விரிகுடாவில் வாழ்வது. நெய்தலைத் தனித் திணையாகப் பாடிய மொழியினரின் கரையோரத்திலேயே இவ்வினத்தின் எதிர்காலம் பெரிதும் அடங்கியுள்ளது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

உணாவும் மாவும் செய்தியும்

இனி, இவ்வாராய்ச்சிக்கு எதிராகக் கூறத்தக்க தடைகள் இரண்டு. கருப்பொருள் என்பது புலனெறி வழக்கு; பழம்பாடலில் இல்லாத உயிரை இன்றைய அறிவியல் கொண்டு அதனுள் நுழைத்தல் தகுமோ என்பது முதல் தடை. கருப்பொருளைத் தொகுத்துரைத்த ஆசிரியர், கூறிய அவற்றோடு அவ்வகையைச் சார்ந்த பிறவற்றையும் கருப்பொருளாகக் கொள்ளலாம் என்று புறனடையும் சேர்த்தே கூறினார். நச்சினார்க்கினியரும் 'போல்வன' என்னும் சொல்லால் தம் பட்டியலைத் திறந்தே வைத்தார். பாட்டில் இல்லாததை இருப்பதாகக் கூறுதல் பிழை. அதனை நாம் செய்யவில்லை. நிலத்தில் உள்ளதை இலக்கணத்தின் திறந்த இடத்தில் வைத்துக் கற்பித்தல் பிழையாகாது.

இரண்டாவது தடை வலியது. மாவைக் காத்தல் என்னும் பெயரால் மீனவரின் தொழிலை முடக்குதல் அறமாகுமா என்பது அது. மன்னார் வளைகுடாவில் 1986ஆம் ஆண்டு 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், தீவுப் பக்கம் சென்று கடற்பாசி சேகரித்து வாழ்ந்த மகளிர் தடைகளுக்கு உள்ளாயினர். அவர்தம் குறையை ஒதுக்கிவிட்டு இப்பொருள்பற்றிப் பேசுதல் நேர்மையன்று. மேலும், கடற்பசுவைக் கொல்லும் வலைகளுட் பெரும்பாலன சிறு படகினர் விரிப்பவையே. எல்லாக் குற்றத்தையும் விசைப்படகின்மேல் ஏற்றித் தப்புதலும் உண்மையாகாது.

இத்தடைக்கு விடையும் திணைக் கோட்பாட்டினுள் உண்டு. மா மட்டும் கருப்பொருள் அன்று. மீன்படுத்தலாகிய செய்தியும் கருப்பொருள். மீன் விற்றுப் பெறும் உணாவும் கருப்பொருள். மூன்றும் ஒரே நூற்பாவில் ஒருங்கு நிற்கின்றன. செய்தியை நீக்கி மாவைக் காத்தால் எஞ்சுவது காட்சிச்சாலை; மாவை அழித்துச் செய்தி நடந்தால் அந்நிலமே வறிதாகும். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) நாட்டுப்படகினர்க்கும் இயந்திரப்படகினர்க்கும் எழுந்த பகையைக் காட்டிற்று. செய்தி மாறினால் நிலத்து உறவுகள் யாவும் மாறும் என்பதை அந்நாவல் நன்கு உணர்த்தும். அம்மாற்றம் மனிதரோடு நில்லாமல் கடற்புல் வெளியையும் தொட்டது என்பதை நாம் அதனோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். கடற்புல் வெளி கடற்பசுவின் மேய்ச்சல் நிலமாவதோடு மீன், இறால், நண்டு ஆகியவற்றின் குஞ்சுகள் வளரும் இடமுமாகும். ஆகவே மாவின் நிலமும் உணாவின் நிலமும் ஒன்றே.

2022ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் ஏறத்தாழ 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நாட்டில் இவ்வுயிர்க்கென அமைந்த முதற் பாதுகாப்பகம் இதுவே. தேசியப் பூங்காவின் சட்டமுறை வேறு. இதன் சட்டமுறை வேறு. அவ்விடத்து மக்களைக் கலந்தே பாதுகாப்பகம் அறிவிக்கப்படுதல் வேண்டும் என்பது சட்டத்தின் விதி. வலையிற் சிக்கிய கடற்பசுவை வலையை அறுத்து உயிரோடு விட்ட மீனவர்க்கு வனத்துறை பரிசு வழங்கிப் பாராட்டியும் உள்ளது. இதனை நற்றிணைப் பாட்டோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். ஆண்டு வலையை அறுத்தது சுறா. அது பரதவரின் இழப்பு. ஈண்டு வலையை அறுத்தவன் பரதவன்; அது அவன் கொடை. வலையின் விலை எளிய மீனவனுக்குச் சிறிதன்று. ஆதலின் பாராட்டோடு நில்லாமல் இழந்த வலைக்கு உரிய ஈட்டை விரைந்து அளித்தல் அரசின் கடன்.

வாணிக நிலையிலும் உணாவும் மாவும் இன்று பிணைந்துவிட்டன. அமெரிக்க நாடும் 1972ஆம் ஆண்டிலேயே கடற்பாலூட்டிகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றிற்று. அச்சட்டத்தின்கீழ் 2016ஆம் ஆண்டு வகுத்த விதியின்படி, தன் நாட்டிற்கு மீன் அனுப்பும் நாடுகள், மீன்பிடிப்பில் கடற்பாலூட்டிகள் இறவாதபடி தன் நாட்டு முறைக்கு ஒப்பான முறைகளை மேற்கொள்ளுதல் வேண்டும் என்று அது கேட்கின்றது. 2026 சனவரி முதல் நாள் இவ்விதி நடைமுறைக்கு வந்தது. கடலாமைகளின் பொருட்டு 2019ஆம் ஆண்டில் இந்தியக் கடல்இறாலை அந்நாடு மறுத்தது முன்னிகழ்ச்சி. உரையாசிரியர் நெய்தலின் உணாவாகக் கூறிய மீன்விலை, நெய்தலின் மா உயிரோடிருத்தலைச் சார்ந்து நிற்கும் காலம் வந்துள்ளது. வல்லரசு ஒன்று வாணிகத்தால் அழுத்தியபின் இதனை உணர்தல் நமக்குப் பெருமையன்று. அத்தகைய விதியின் சுமை பெருமுதலாளியைவிடச் சிறு மீனவன்மேல் மிகுதியாக விழும் என்பதும் உண்மை. அதனாலேயே இவ்வுறவை நம் கல்வியும் நம் சட்டமும் முன்னரே கூறுதல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: முதலையையும் சுறாவையும் மா என்றல் ஆகாது என்னும் நச்சினார்க்கினியர் மறுப்பு நெறியால் ஏற்கத்தக்கது. அவ்விடத்தில் அவர் வைத்த உமண்பகடு கரையின் தொழில்மா. கடலின் மா அன்று. வாழிடம் பற்றாது உயிரின் அமைப்புப் பற்றிப் பகுக்கும் தொல்காப்பியர் நெறிப்படி, மூச்சுவிட்டுப் பாலூட்டி ஈனும் கடற்பசுவும் ஓங்கிலும் திமிங்கிலமும் மாவாகவே கொள்ளத்தக்கன. அவற்றுள் புல்மேயும் கடற்பசு நெய்தலின் தலையாய மா எனத் தகும். சங்கப் புலவர் அதனைப் பாடாமை அவர் காலத்துக் காட்சியின் எல்லையால் ஆயது; அவ்வெல்லை இன்று நமக்கு இல்லை.

ஆகவே நெய்தற் கருப்பொருளைக் கற்பிக்கும் ஆசிரியர், 'முதலை, சுறா' என்னும் இரு சொற்களோடு நில்லாமல், உரையாசிரியரின் மறுப்பையும் அதன் காரணத்தையும் மாணவர்க்குக் கூறி, கடற்பசுவையும் உடன் எடுத்துக் காட்டுதல் நன்று. முதுகலை மாணவர் பாக் விரிகுடாக் கடற்கரை ஊர்களுக்குச் சென்று, கடல்மாக்களைப் பற்றி மீனவர் வழக்கில் உள்ள பெயர்களையும் செய்திகளையும் தொகுத்தல் அடுத்துச் செய்யவேண்டிய பணி. முதிய மீனவர் மறைந்தபின் அச்சொற்களைத் தேடிப் பயனில்லை. புல்வெளி மறைந்தபின் அச்சொற்களுக்குப் பொருளும் இராது.